சுவிஸ் கூட்டத்துக்கு ஆள் தெரிவு செய்த அன்று

அந்த நிறுவனத்தின் பெயர்ப் பலகையைப் போன மாதம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்த அலுவலகம் அது. நான் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். மதிலில் ஆணித் துளைகள் மட்டும் மிச்சம். பக்கத்து இருக்கையில் இருந்த ஆள், யாரோ தெரியாத மனிதர், நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "உவங்கள் வந்தாங்கள், திண்டாங்கள், போயிட்டாங்கள்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தின்றவர்கள் தின்றார்கள்தான். நான் என்ன கண்ணை மூடிக்கொண்டா இருந்தேன்? குளிரூட்டிய வாகனத்தில் வந்து இறங்கி, எங்கள் மண்ணில் சப்பாத்துப் புதைகிறது என்று முகம் சுளித்தவர்களையும் கண்டேன். வலுவூட்டல், வலையமைப்பு என்று வாய்க்குள் நுழையாத சொல்லாகச் சொல்லி, மத்தியானம் கோழிக்கறியோடு அனுப்பிவிட்ட செயலமர்வுகளுக்கும் போயிருக்கிறேன். ஆனால் வேறொன்றையும் கண்டேன். கீரிமலைக்குக் கிழக்கே எங்கள் கரையோரம். சண்டைக் காலத்தில் எழும்பிப் போனவர்கள் பல வருசம் கழித்துத் திரும்பி வந்தபோது, வீடு இருந்த காணி கிடைத்தது, வள்ளம் இறக்கும் துறை கிடைக்கவில்லை. அது ஆமிக்காரர் போட்ட வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. கடல் கண்ணுக்கு முன்னால், காலை வைக்க வழியில்லை. அதைக் கேட்க நாங்கள் பெண்கள் நாலைந்து பேர் அரசாங்கக் கந்தோருக்குப் போனால், நடையில் நிற்க வைத்து, நாளைக்கு வாருங்கள் என்பார்கள். அந்த நாளை வந்ததே இல்லை.

பிறகு இந்த நிறுவனம் வந்தது. மாதர் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், கூட்டம் வையுங்கள், நடந்ததை எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள் என்று சொல்லித் தந்தது. தலைப்பு அச்சடித்த தாளில் எழுதிக்கொண்டு, அதே கந்தோருக்கு, அதே நாலைந்து பேர் போனோம். கதிரை போட்டார்கள். அதே ஐயாதான், அதே மேசைதான். "இருங்கோ அம்மா" என்றார். வீட்டுக்கு வந்து நான் அழுதேன். சந்தோசமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. பஸ்ஸில் இருந்த மனிதருக்கு இதையெல்லாம் சொல்லத்தான் நினைத்தேன். அவர் அதற்குள் நித்திரையாகிவிட்டார்.

எனக்கு அந்த நிறுவனம் கூட்டிய மாதக் கூட்டங்கள் வேண்டும். இன்றைக்கும் மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தால் சேலையை எடுத்துப் பார்க்கிறேன். எங்களுடையதைப் போலக் கரையோரச் சங்கங்களும் தென்மராட்சித் தோட்டக்கார ஊர்களின் சங்கங்களும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு அது. இரண்டு பக்கத்தாருக்கும் பஸ் வசதி என்று சாவகச்சேரியில் ஒரு மண்டபத்தில் கூடுவோம். கடல்காரிகள் ஒரு பக்கம் இருப்போம், தோட்டக்காரிகள் மற்றப் பக்கம். முதல் சில மாதம் ஆளை ஆள் பார்ப்பதுகூட இல்லை. பிறகு தேத்தண்ணியும் பற்றிசும் வந்தால் எங்கே எந்தச் சாதி, எந்தப் பக்கம்? ஒரே தட்டில் கை போகும்.

அங்கேதான் சுவிஸ் கூட்டத்தின் கதை வந்தது. பல நாட்டுச் சங்கங்கள் ஒன்றுகூடி, காணி இழந்தவர்கள், கரை இழந்தவர்கள் தங்கள் வாயாலேயே சொல்லும் கூட்டம். எங்கள் கூட்டமைப்பிலிருந்து ஒருவர் போகலாம். அழைப்புக் கடிதம், விசா, ரிக்கெற் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆளை நாங்களே தெரிவு செய்ய வேண்டும்.

சுவிஸ் என்ற சொல்தான் என் காதில் விழுந்தது. என்னுடைய ஒரே மகன் அங்கேதான் இருக்கிறான். மீசை அரும்பும் வயதில் போனவன். அகதி அட்டையில் இருப்பவன் இங்கே வர முடியாது. நான் அங்கே போகலாம் என்று ஒருமுறை விசாவுக்குப் போட்டேன். நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று நம்ப முடியவில்லை என்று எழுதி அனுப்பினார்கள். கணவர் இடம்பெயர்ந்த காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தனிப் பெண், பிள்ளை அங்கே, எதற்குத் திரும்புவாள் என்று நினைத்தார்களாக்கும். அவர்களையும் பிழை சொல்ல முடியாது. ரெலிபோனில் அவன் முகம் தெரியும்தான். ரெலிபோனில் தலையைத் தடவ முடியுமா?

அன்றிரவே அவனுக்குச் சொன்னேன். நிச்சயமில்லை, பார்ப்போம் என்றுதான் சொன்னேன். அவன் அடுத்த நாள் எடுத்து, என் கால் என்ன அளவு என்று கேட்டான். அங்கே பனிக்கால முடிவில் செருப்போடு நடக்க முடியாதாம், சப்பாத்து வாங்கி வைக்கப் போகிறானாம். பாட்டா செருப்பைத் திருப்பி, அடியில் இருந்த இலக்கத்தைக் கண்ணாடி போட்டு வாசித்துச் சொன்னேன். அவன் வேலையிடத்தில் லீவும் கேட்டுவிட்டான்.

ஆள் நான்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. துறையைப் பற்றிக் கந்தோர் கந்தோராக ஏறினவள் நான். மைக்கைக் கண்டால் கை நடுங்காதவளும் நான்தான். எங்கள் சங்கத்தாரும் தோட்டக்காரிகளும் முன்கூட்டியே கதைத்து முடித்துவிட்டார்கள். மகன் விசயத்தை மட்டும் நான் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. ஊர் வாயை எனக்குத் தெரியாதா? துறைக்காகப் போகிறாள் என்று சொன்ன வாயே, ஓகோ, மகனைப் பார்க்கத்தான் இந்தச் சங்கமெல்லாமோ என்று கேட்கும்.

இனி நடந்தது வெளியாருக்கு விளங்காது, அதனால் எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பதவிக்கு முன்மொழிந்தால், அவர் எழும்பி, "எனக்கு வேண்டாம், என்னைவிட நல்ல ஆக்கள் இருக்கினம்" என்று சொல்லியாக வேண்டும். கோயில் சபையோ வாசிகசாலையோ, எதுவானாலும் இதுதான். உடனே சபை, இல்லையில்லை, நீங்கள்தான் என்னும். அவர், வீட்டில் அலுவல் கூட என்பார். பின்வரிசையில் இருந்து ஒரு பெரிய மனுசி, "சும்மா விசர்க்கதை கதையாமல் இரும்" என்று அதட்டுவாள். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சம்மதம் என்று அர்த்தம். இது நடிப்பல்ல. பதவியை நாங்கள் எடுப்பதில்லை, எங்கள் தலையில் கட்டுவார்கள். கேட்டதும் பாய்ந்து பிடிப்பவளை யார் நம்புவார்கள்? தேத்தண்ணிக்கும் இதே கணக்குத்தான். வேண்டாம், இப்பதான் குடிச்சனான் என்போம். குடிக்காமல் போக விட்டால் அந்த வீட்டுப் படியைப் பிறகு மிதிக்க மாட்டோம்.

கூட்டத்தை நடத்த நிறுவனத்தில் இருந்து வந்தது ஒரு புதுப் பெண்பிள்ளை. கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. தங்கமான குணம், கடமையில் கண். அதற்கு முந்தின கூட்டத்தில்தான் அது எங்களுக்கு ஒரு பாடம் எடுத்தது. பெண் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான், கேட்டுக் கேட்டு நச்சரித்துச் சம்மதம் வாங்கக் கூடாது என்று. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெட்டையை அப்படித்தான் நச்சரித்து, அவள் அலுத்துப்போய்த் தலையாட்ட, தாலி கட்டி வைத்தார்கள். அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பாடத்துக்குக் கூடுதலாகக் கை தட்டியவள் நான்.

ஆள் தெரிவு செய்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் சங்கப் பொருளாளர் என்னை முன்மொழிந்தா. தோட்டக்காரி ஒருத்தி வழிமொழிந்தா. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் எழும்பி, சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"எனக்கு வேண்டாம். என்னைவிட நல்லாக் கதைக்கிற ஆக்கள் இருக்கினம்."

பொருளாளர் வாயைத் திறந்தா. அதற்குள் அந்தப் பிள்ளை கையை உயர்த்தி, "அவங்க முடிவை நாங்க எல்லாரும் மதிப்போம். இவ்வளவு தெளிவா சொன்னதுக்கு நன்றி அன்ரி" என்று சொல்லிக் கை தட்டியது. போன மாதம் படித்த பாடம் எல்லாருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். ஒருத்தர் பின் ஒருத்தராகக் கை தட்டினார்கள். பொருளாளர் வாயை மூடிக்கொண்டா. பின்வரிசையில் அதட்டுகிற பெரிய மனுசியும் கை தட்டினா. நான் நின்றுகொண்டே இருந்தேன். யாராவது, ஒரேயொருத்தியாவது, இல்லை நீங்கள்தான் என்று சொன்னால் போதும். கை தட்டல் ஓய்ந்தது. நான் உட்கார்ந்தேன்.

அடுத்ததாகக் கொடிகாமத்துக்குக் கிட்ட இருந்து வரும் ஒரு தோட்டக்காரியை முன்மொழிந்தார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவள். சந்தையில் தேங்காயும் மரக்கறியும் மொத்தமாகக் கொடுத்து வாங்குபவள், ஆண்களோடு நேருக்கு நேர் விலை பேசுபவள். போகிறீர்களா என்று அந்தப் பிள்ளை கேட்டது.

"ஓம், போறன்" என்றாள்.

மண்டபம் திகைத்துப்போனது. எனக்குப் பக்கத்தில் இருந்தவ, பந்திக்கு முந்துகிற ஆள் என்று என் காதுக்குள் சொன்னா. வெட்கம்கெட்டவள் என்று மனம் சொன்னது. அதே மனம், கோதாரி விழுவாளே, உனக்கு அந்த வாய் இருந்திருந்தால் என்று என்னையும் திட்டியது. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு வெட்கத்தை விட்டு யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போனேன். அந்தப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றுதான் போனேன். நல்ல வெய்யில். பிள்ளை எழும்பி வந்து கதிரை போட்டது. டீ குடிக்கிறீங்களா அன்ரி என்று கேட்டது. வேண்டாம் பிள்ளை என்றேன். சரி அன்ரி என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. தொண்டை காய்ந்துபோய் இருக்க, எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. அது நான் சொன்னதை நம்புகிறது. என்னை இதுவரை ஒருவரும் அப்படி ஒரே சொல்லில் நம்பியதில்லை. அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொல்ல நா எழும்பவில்லை. தோட்டக்காரியின் பெயரும் அதற்குள் போய்விட்டதாம், கடவுச்சீட்டும் கொடுத்துவிட்டாளாம். நான் துறைக் கடிதத்தின் நகல் ஒன்று வேண்டும் என்று எதையோ சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மகனுக்கு முழங்கால் நோ என்று சொன்னேன். அவ்வளவு நேரம் பிளேனில் இருக்க ஏலாதடா, அதுதான் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன் என்றேன். அவன், சரி அம்மா, காலைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்றான்.

அந்தக் கிழமையே தோட்டக்காரி என் வீட்டுக்கு வந்து நின்றாள். கொடிகாமத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு வாழைக்குலையோடு. "அக்கா, எனக்குக் கடலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. உங்கடை துறையைப் பற்றி நான் அங்கை என்னண்டு கதைக்கிறது? சொல்லித் தாங்கோ" என்றாள். முகத்தைத் திருப்பலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. வேலி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். துறை இல்லாவிட்டால் வள்ளத்தைக் கல்லில் ஏற்ற வேண்டும், கல்லில் ஏற்றினால் அடி கிழியும், அடி கிழிந்தால் அந்தக் கிழமைச் சமையல் கடையில் கடன் என்று சொன்னேன். அவள் அதைத் தன் கணக்கில் போட்டுப் பார்த்தாள். "அப்ப கிணத்தைத் தந்துபோட்டு வாளியைப் பறிச்ச மாதிரி" என்றாள். நான் கந்தோர் கந்தோராக எத்தனை வருசம் சொல்லியும் எனக்கு வராத பேச்சு அது. அதையே அங்கே சொல்லு என்றேன்.

அவளை அதன் பிறகு வெறுக்க முடியவில்லை. நான் பேச நினைத்திருந்ததையெல்லாம், இரவுகளில் முகட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லிப் பழகினதையெல்லாம், அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில், போகிற போக்கில், என் மகனும் அங்கே எங்கேயோதான் இருக்கிறான் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவனுடைய ரெலிபோன் இலக்கத்தை வாங்கிக்கொண்டாள். மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் பொதி பண்ணிக் கொடுத்தேன்.

திரும்பி வந்ததும் சாவகச்சேரி மண்டபத்தில் அவள் பயணத்தைப் பற்றிச் சொன்னாள். பெரிய மண்டபமாம், காதில் மாட்டும் கருவியில் தமிழ்ப் பேச்சு மற்றப் பாசைகளில் கேட்குமாம். கிணற்றையும் வாளியையும் சொன்னபோது, வேறேதோ நாட்டுக் கறுத்த மனுசி ஒருத்தி எழும்பி வந்து கட்டிப் பிடித்தாளாம். அவளுடைய கரையையும் யாரோ வேலி போட்டு வைத்திருக்கிறார்களாம். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு எங்கள் துறையில் ஒரு பகுதியை விட்டார்கள். அந்தப் பேச்சால்தான் விட்டார்களா, எங்கள் கடிதங்களாலா, தேர்தல் வந்ததாலா, எனக்குத் தெரியாது. இன்றைக்கு அங்கே வள்ளம் இறங்குகிறது. பஸ்ஸில் இருந்த மனிதர் வந்து பார்க்கட்டும்.

அவள் பயணத்தைப் பற்றிச் சொன்ன அன்று, கூட்டம் முடிந்து பஸ் நிலையத்தில் நின்றபோதுதான் அவள் மகனைப் பற்றிச் சொன்னாள். அவன் கூட்டம் நடந்த நாளெல்லாம் வந்தானாம். பார்வையாளர் வரிசையில், பின்னால், காதில் மாட்டாமல் இருந்து தமிழிலேயே கேட்டானாம். துறையைப் பற்றி அவள் பேசியபோது குனிந்துகொண்டானாம். மெலிந்த பிள்ளை அக்கா, ஆனால் நல்ல மரியாதை என்றாள். கடைசி நாள் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் வரைக்கும் வந்தானாம்.

"அம்மாட்டை ஏதும் சொல்ல வேணுமோ தம்பி எண்டு கேட்டன். ஒண்டும் வேண்டாம் அன்ரி, நான் சுகமாய் இருக்கிறன் எண்டு மட்டும் சொல்லுங்கோ எண்டார்."

நான் தலையை ஆட்டினேன். சுகமாக இருந்தால் போதும் என்றேன்.

"இல்லை அக்கா, பொறுங்கோ. நான் விடேல்லை. அண்டைக்கு மண்டபத்திலை நீங்கள் நிண்ட நிலையை நான் பார்த்தனான். எனக்கு விளங்கினது. விளங்கியும், எனக்கும் போக ஆசை, வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். அதாலை, உங்கடை பிள்ளையிட்டைத் திருப்பிக் கேட்டன். உண்மையா ஒண்டும் இல்லையோ தம்பி எண்டு."

என்னுடைய பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுதுபோட்டார் அக்கா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டார். அவ வேண்டாம் எண்டுதான் சொல்லுவா, அதைக் கேளாதேங்கோ எண்டார்."

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும் வரைக்கும் இரண்டு பேரும் பஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்தோம். சனம் பார்க்கிறது என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன். அவள் தேத்தண்ணி வாங்கி வந்து, குடிக்கிறீர்களா என்று கேட்காமலே கையில் தந்தாள்.

அடுத்த வருசம் எங்களுக்குக் காசு வந்துகொண்டிருந்த நாட்டில் ஆட்சி மாறியது. உதவியைக் குறைத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். கூட்டமைப்பு பேருக்கு இருக்கிறது. கொழும்புப் பிள்ளை போகும்போது என்னைக் கட்டிப் பிடித்து, நீங்க ரொம்பத் தெளிவான ஆள் அன்ரி என்று சொல்லிவிட்டுப் போனது. இப்போது யாராவது வந்து, போகிறீர்களா என்று கேட்டால், கேள்வி முடியுமுன்னே ஓம் என்பேன். எழும்பிக்கூட நிற்க மாட்டேன். கேட்கத்தான் ஆளில்லை.